87 வயது பாட்டிக்கு வீட்டிலேயே வாக்கா, பூத்துக்கா?

கேள்வி இதுதான்: "மந்தைவெளியில் இருக்கிறோம். பாட்டிக்கு 87 வயது. முட்டிவலி உண்டு, ஆனால் கைத்தடியோடு நடப்பார். அடுத்த தேர்தலில் அவருக்குத் தபால் வாக்கு கேட்கலாமா, பூத்துக்கே அழைத்துப் போகலாமா? தபால் வாக்கை ஒழுங்காக எண்ணுவார்களா? பெங்களூரில் வேலை பார்க்கும் எனக்கும், அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கும் தபாலில் வாக்களிக்க வழி உண்டா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். பாட்டியால் ஆட்டோவில் ஏறி இறங்க முடியும் என்றால் பூத்துக்கு அழைத்துப் போங்கள். மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு, அல்லது அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கும் என்றே சொல்ல முடியாது என்றால், வீட்டிலேயே தபால் வாக்குப் போட விண்ணப்பிக்கும் 12டி படிவம் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அதனால் ஒருவருடைய வாக்கே போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியர். இருபது வருடத்துக்கு மேலாகத் தேர்தல் பணிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலர். ஏப்ரல் 6, காலை பத்து மணி இருக்கும். பெரியவர் ஒருவர் மகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பூத் ஸ்லிப்பையும் வாக்காளர் அட்டையையும் மேஜையில் வைத்தார். எங்களிடம் இருந்த பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'பி.பி.' என்று குறித்திருந்தது. தபால் வாக்குக்கு அனுமதி கிடைத்தவர் என்று அர்த்தம். அந்தக் குறி இருந்தால் பூத்தில் வாக்களிக்க விட முடியாது. "ஐயா, வீட்டுக்கு வந்தார்களே, போடவில்லையா?" என்று கேட்டேன். "இரண்டு தடவை வந்தாங்களாம். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன் தம்பி" என்றார். விதியை எடுத்துச் சொன்னேன். வாதாடவில்லை. அட்டையைத் துடைத்து மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் செய்தது விதிப்படி சரிதான். இருந்தாலும் அன்று மதியம் வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை என்னால் பிரிக்க முடியவில்லை. இவ்வளவு நீளமாக உங்களுக்குப் பதில் எழுதுவதற்குக் காரணமே அவர்தான்.

ஆக, முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. 12டி கொடுத்து அனுமதி கிடைத்துவிட்டால் பூத் கதவு அந்த வாக்காளருக்கு மூடிவிடும். வீட்டுக்கு வரும் குழு ஒருமுறை வந்து ஆள் இல்லையென்றால் இன்னொரு தேதி சொல்லி மறுபடி வரும். அப்போதும் இல்லையென்றால் அவ்வளவுதான், மூன்றாவது முறை கிடையாது. பூத்துக்கும் போக முடியாது.

யாருக்கெல்லாம் இந்த வசதி? 85 வயதைக் கடந்தவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் உள்ளவர்களுக்கும். 2019இல் இது வந்தபோது வயது வரம்பு 80 ஆக இருந்தது. 2024 மார்ச்சில் விதியைத் திருத்தி 85 ஆக்கினார்கள். அதனால்தான் 2021இல் வீட்டிலேயே வாக்களித்த பல தாத்தா பாட்டிகள் 2024இல் "ஏன் வரவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயதைக் கணக்கிடுவது வாக்காளர் பட்டியலை வைத்து. பிறந்த தேதியே சரியாகத் தெரியாத தலைமுறை அது. பாட்டிக்கு 87 என்று வீட்டில் சொல்வீர்கள், பட்டியலில் 82 என்று இருக்கும். இதை இப்போதே பார்த்துவிடுங்கள். தவறு என்றால் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம், அதற்குத் தகுந்த வயதுச் சான்று வேண்டும்.

தபால் வாக்கு என்று பெயரே தவிர, பாட்டி விஷயத்தில் தபால்காரருக்கு வேலையே இல்லை. படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., வீட்டுக்குக் கொண்டுவருவார். நிரப்பியதை அவரே வாங்கிப் போவார். கெடுவைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேர்தல் ஆணையம் டெல்லியில் தேதிகளைச் சொல்வது ஒரு நாள். முறைப்படி அறிவிக்கை வெளியாவது இன்னொரு நாள். அந்த அறிவிக்கை வெளியானதிலிருந்து ஐந்து நாளுக்குள் 12டி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2024இல் அறிவிக்கை மார்ச் 20, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பிரச்சார வண்டிகள் தெருவுக்குள் வருவதற்கு முன்பே, வாக்குப்பதிவுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் இருக்கும்போதே, கெடு முடிந்துவிட்டது. பி.எல்.ஓ. வரட்டும் என்று காத்திருக்காமல் 1950 எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கேட்பது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாட்ச்மேன் "யாரும் இல்லை" என்று சொல்லிவிட, பி.எல்.ஓ. அப்படியே திரும்பிப் போவதும் நடக்கிறது.

சரி, குழு வந்தால் என்ன நடக்கும்? வருகிற நாளை முன்கூட்டியே சொல்வார்கள். இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒரு வீடியோகிராஃபர், ஒரு போலீஸ்காரர். வேட்பாளர்களுக்கும் இந்தத் தேதிப் பட்டியல் போகும். அவர்களுடைய ஆளும் கூட வந்து பார்க்கலாம். 2024இல் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அந்த அம்மாவுக்கு 91 வயது. மூன்று வருடமாகக் கீழே இறங்கியதே இல்லையாம். சாப்பாட்டு மேஜையில் இருந்த காபி டபராவை நகர்த்திவிட்டு, மடக்கிக் கொண்டுபோன அட்டை மறைப்பை விரித்து வைத்தோம். வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்ததும் அந்த அம்மா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக, வாய் அசைய, படித்தார். தென்சென்னையோ மத்திய சென்னையோ, பெயர்ப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். முழுவதும் படித்து முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மகனைத் திரும்பிப் பார்த்து, "நீ பால்கனிக்குப் போ" என்றார். மகன் போனார். வீடியோ எடுப்பவரும் கேமராவை வேறு பக்கம் திருப்பினார். பேனாவால் குறியிட்டு, நான்காக மடித்து, சின்ன உறையில் போட்டு, தாமே கோந்து தடவி ஒட்டினார். விரல் நடுங்கியது, ஆனால் எங்களிடம் கொடுக்கவில்லை.

அந்தச் சின்ன உறை 13பி. வாக்காளர் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் 13ஏ. இரண்டையும் சேர்த்துப் போடும் பெரிய உறை 13சி. இந்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒழுங்காக எண்ணுவார்களா என்ற உங்கள் கேள்விக்கான விடை இந்த உறைகளுக்குள்தான் இருக்கிறது.

எண்ணுவார்களா? எண்ணுவார்கள். சொல்லப்போனால் எண்ணிக்கை நாளில் காலை எட்டு மணிக்கு முதலில் பிரிப்பதே தபால் வாக்குகளைத்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் இயந்திரங்களின் எண்ணிக்கை தொடங்கும். எண்ணாமல் மூட்டை கட்டிப் போட்டுவிடுவார்கள் என்று தெருவில் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு. உண்மையான ஆபத்து வேறு. இயந்திரத்தில் செல்லாத வாக்கு என்று ஒன்று கிடையாது, பொத்தானை அழுத்தினால் முடிந்தது. காகித வாக்கு செல்லாமல் போவதற்கு வழிகள் உண்டு. பெரிய உறைக்குள் உறுதிமொழிப் படிவம் இல்லையென்றால், அதில் வாக்காளரின் கையெழுத்தோ அலுவலரின் சான்றொப்பமோ இல்லையென்றால், வரிசை எண் பொருந்தவில்லையென்றால், உள்ளே இருக்கும் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். பிரித்த பிறகும் இரண்டு பெயருக்கு நடுவில் கோட்டில் குறி விழுந்திருந்தால், யாருக்கென்று தெரியாததால் தள்ளுபடி.

ராதாபுரம் தொகுதியை நினைத்துப் பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவித்தார்கள். 203 தபால் வாக்குகளை நிராகரித்திருந்தார்கள். காரணம், சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்ற பிரச்சினை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 2019 அக்டோபரில் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. வாக்களித்தவர்கள் சரியாகத்தான் போட்டார்கள். ஒரு கையெழுத்து யாருடையது என்பதில் எல்லாம் சிக்கிக்கொண்டது. நம் ஊரிலும் வித்தியாசங்கள் சின்னதாகத்தான் இருக்கின்றன. 2021இல் தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137. வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரித்த தபால் வாக்குகள் அதிகம் என்றால், முடிவு சொல்வதற்கு முன் அவற்றை எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது இப்போது கட்டாயம்.

பாட்டிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. சான்றொப்பம் போடும் அலுவலர் கூடவே நிற்கிறார், உறைகளையும் அவர் பார்த்துக்கொள்வார். சீட்டின் மேல் போடும் குறி மட்டும்தான் பாட்டியின் பொறுப்பு. அதற்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள். நம் பெரியவர்களுக்குக் காகிதத்தைக் கண்டால் மேலே பிள்ளையார் சுழி போடாமல் கை ஓடாது. சிலர் பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்தே போட்டுவிடுவார்கள். வாக்காளர் யார் என்று காட்டிக்கொடுக்கிற எழுத்தோ குறியோ சீட்டில் இருந்தால் நிராகரிக்க விதியில் இடம் இருக்கிறது. பிள்ளையாரை மனசுக்குள் கும்பிட்டுவிட்டு ஒரே ஒரு குறியை, பெயருக்கு நேரே, கட்டத்துக்குள் போடச் சொல்லுங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ரகசியம்.

பூத்தில் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் பாட்டி தனியாகத்தான் நிற்பார். மகன் இல்லை, மருமகள் இல்லை, தெருக்காரர் இல்லை. வீட்டில் அந்தத் தனிமையை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். நான் போன வீடுகளில் பாதியில் அது தானாக அமையவில்லை. "அம்மா, நம்ம சின்னம் மூணாவது இருக்கு பாரு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பேரன் இருப்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாசம்தான். ஆனால் நாங்கள் ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது, சிலர் முகம் சுளித்தார்கள். வீட்டில் வாக்களிக்க முடிவு செய்தால், குழு சொல்வதற்கு முன்பே நீங்கள் எல்லோரும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். பார்வை சரியில்லை, கை வரவில்லை என்றால் ஒரு துணையை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அந்தத் துணை யார் என்று பாட்டி சொல்லட்டும்.

பூத்துக்குப் போகலாம் என்று நான் சாய்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பூத்தில் போட்ட வாக்கை அங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம். பொத்தானை அழுத்தியதும், போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஏழு வினாடி சின்னம் தெரியும், நீளமாக ஒரு 'பீப்' கேட்கும். தபாலில் அது இல்லை. அப்புறம், இதை எப்படிச் சொல்வது, பல பெரியவர்களுக்குப் பூத்துக்குப் போவதே ஒரு நல்ல நாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருகிற பாட்டிகளை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறேன். பத்து வருடமாகப் பார்க்காத எதிர்வீட்டுக்காரரைப் பள்ளிக்கூட வராந்தாவில் பார்த்துப் பேசுகிறார்கள். விரலில் மையைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். 2024இல் தென்சென்னையில் வாக்களித்தது சுமார் 54 சதவீதம் பேர், மாநிலம் முழுக்கப் பார்த்தால் கிட்டத்தட்ட 70. உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கிடைக்கிற நகரத்தில் கைத்தடியோடு வருகிறவரைப் பார்த்தால் வரிசையில் நிற்கிற இளைஞர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

அழைத்துப் போவது என்றால் காலை ஏழரை, எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஏப்ரல் வெயில் பத்து மணிக்கே சுட்டெரிக்கும். பாட்டி வரிசையில் நிற்க வேண்டியதில்லை, முதியவர்களை நேரே உள்ளே விடுவார்கள். விடவில்லை என்றால் வாசலில் நிற்கும் போலீஸ்காரரிடம் சொல்லுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் தேர்தல் ஆணையத்தின் செயலியில் முன்பே கேட்கலாம். பூத் தரைத்தளத்தில், சாய்தளத்தோடு இருக்க வேண்டும் என்பது விதி. பழைய பள்ளிக் கட்டடங்களில் சாய்தளம் செங்குத்தாக இருக்கும், நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்குங்கள். முதல் நாள் மாலை ஒரு நடை போய் எந்த அறை, எந்த வாசல் என்று பார்த்துவைத்தால் அன்றைக்கு அலைச்சல் இல்லை. பூத் ஸ்லிப்பை மட்டும் கொண்டுபோனால் போதாது. 2019லிருந்து அதை அடையாள ஆவணமாக ஏற்பதில்லை. வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதார், புகைப்படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம் போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். செல்போனை உள்ளே கொண்டுபோக வேண்டாம். பாட்டியால் தாமே பொத்தானை அழுத்த முடியும் என்றால் மறைப்பு வரை கைபிடித்துக் கூட்டிப்போகலாம், அதற்குமேல் விலகி நில்லுங்கள். பார்வை இல்லை, கை இயங்காது என்றால்தான் துணைக்கு உள்ளே அனுமதி. அந்தத் துணைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அன்றைக்கு வேறு யாருக்கும் துணைபோகக் கூடாது.

உங்கள் விஷயம். பெங்களூரில் வேலை என்பதற்காகத் தபால் வாக்கு கிடைக்காது. ராணுவத்தினர் போன்ற பணி வாக்காளர்கள், தேர்தல் பணியில் இருப்பவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள், ஆணையம் அறிவிக்கும் அத்தியாவசியப் பணியாளர்கள், நான் முன்பு சொன்ன முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், இவ்வளவு பேருக்குத்தான் அது. ராணுவத்தினருக்கு வாக்குச்சீட்டு மின்னணு வழியில் போய், அச்சிட்டுக் குறித்து, உண்மையாகவே தபாலில் திரும்பி வருகிறது. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் வந்துசேர வேண்டும். எங்களைப் போன்ற தேர்தல் பணியாளர்கள் முன்பு தபால் வாக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாவகாசமாக அனுப்பலாம். 2023இல் விதி மாறியது, இப்போது அதற்கென்று அமைக்கும் மையத்திலேயே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். நல்ல மாற்றம் என்பேன். வீட்டில் கிடந்த உறைகள் யார் யார் கைக்குப் போயின என்ற பேச்சே இப்போது இல்லை.

உங்களுக்கு இரண்டு வழி. சென்னையிலேயே பெயர் இருக்கட்டும் என்றால் அன்றைக்கு ஊருக்கு வந்து போடுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி வாக்களிக்கும் உரிமை உள்ள ஊழியருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டு, அலுவலகத்தில் தைரியமாகக் கேளுங்கள். நிரந்தரமாக அங்கேதான் என்றால் படிவம் 8 கொடுத்துப் பெயரை பெங்களூருக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பது குற்றம்.

அண்ணன் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகச் சேரலாம். ஆனால் பாஸ்போர்ட்டோடு மந்தைவெளிக்கு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாள் மூலம் வாக்களிக்கும் உரிமை தர 2018இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது, மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019இல் காலாவதியானது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் இங்கே வாக்குரிமை கிடையாது, பட்டியலில் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். அவர் அங்கே பார்க்கிற முறை வேறு. ஒரேகான் மாநிலம் 1998இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தபால் வாக்குக்கே மாறிவிட்டது. அங்கே வாக்காளர்கள் எல்லோர் வீட்டுக்கும் சீட்டு வரும், உறையின் மேல் போடும் கையெழுத்தைப் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். அதை வைத்து இங்கே கணக்குப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன் பட்டியலில் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கின. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள் போக, படிவம் வந்த நேரத்தில் பூட்டிய வீட்டில் பெயர் போனவர்களும் உண்டு. பெயர், வயது, பாகம் எண் மூன்றையும் பாருங்கள். அப்புறம் பாட்டியிடமே கேளுங்கள், பூத்துக்கு வருகிறீர்களா, வீட்டிலேயே போடுகிறீர்களா என்று. அவர் "வரேன்" என்றால் 12டி பேச்சை விட்டுவிட்டு, தரைத்தள வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவையுங்கள்.